முப்படைத் தளபதிகளுக்கு ஒரு திறந்த மடல்: தாபரிப்புக் காசைச் சம்பளத்திலேயே வெட்டுங்கள்

பாதுகாப்பு அமைச்சின் செயலாளர் அவர்களுக்கும், இராணுவ, கடற்படை, விமானப்படைத் தளபதிகளுக்கும்,

வணக்கம்.

நான் கொழும்பு புதுக்கடையில் சிங்களம் – தமிழ் மொழிபெயர்ப்பு வேலை செய்பவள். பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, காணி உறுதி எல்லாம் என் மேசைக்கு வரும். தாபரிப்பு, அதாவது பிள்ளையின் செலவுக்காகத் தகப்பனோ தாயோ மாதாமாதம் கொடுக்க வேண்டிய காசு, அது பற்றிய வழக்குக் கட்டளைகளும் வரும். நீதிமன்றம் சிங்களத்தில் எழுதியதைத் தாய்மாருக்குத் தமிழில் வாசித்துச் சொல்வேன். பிறகு அவர்கள் சொல்வதைச் சிங்களத்தில் கடிதமாக்கிக் கொடுப்பேன். தகப்பனுக்குக் கம்பனியில் வேலை என்றால் மனிதவளப் பிரிவுக்கு எழுதுவோம். பெரும்பாலும் பதில் வந்துவிடும். தகப்பன் படையில் என்றால், கடிதத்தின் தலைப்பில் யாருடைய முகவரியைப் போடுவது என்ற இடத்திலேயே நின்றுவிடுகிறோம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். ஒரு படைவீரருக்கு எதிராக நீதவான் தாபரிப்புக் கட்டளை பிறப்பித்து, அது உங்கள் கைக்கு வந்து சேர்ந்துவிட்டால், அந்தக் காசை மாதாமாதம் சம்பளத்தில் வெட்டி அனுப்புவது படையின் பொறுப்பாக வேண்டும். ஆள் எந்த முகாமில் இருக்கிறார், எப்போது லீவில் வருகிறார், எங்கே மாற்றலாகிப் போனார் என்று தேடிக்கொண்டு திரிவது தாயின் வேலையாக இருக்கக்கூடாது.

சட்டம் இல்லாமல் இதைக் கேட்கவில்லை. 1889ஆம் ஆண்டின் பழைய கட்டளைச் சட்டத்தை நீக்கிவிட்டு வந்தது 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம். பழைய சட்டம் தகப்பனைத்தான் பிடித்தது. புதியது பெற்றோர் இருவரையும் பிடிக்கிறது. ஆகவே பிள்ளையைத் தகப்பனிடம் விட்டுவிட்டுப் போன பெண் சிப்பாய்க்கும் இது பொருந்தும். விவாகத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் உரிமை உண்டு. 18 வயதோடு எல்லாம் முடிந்துவிடுவதுமில்லை, தேவை இருந்தால் 25 வரை கேட்கலாம். கட்டளைப்படி கொடுக்காதவரின் சம்பளத்திலிருந்து வெட்டும்படி உத்தரவிட நீதவானுக்கு அதிகாரம் இருக்கிறது. கொடுக்காத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை மறியலில் போடவும் முடியும். முஸ்லிம் குடும்பங்கள் காதி நீதிமன்றத்துக்குப் போகின்றன. அங்கே போட்ட கட்டளைப்படி காசு வராவிட்டால் அறவிடுவதற்கு அவர்களும் கடைசியில் நீதவான் நீதிமன்றத்துக்குத்தான் வர வேண்டும்.

இவ்வளவும் காகிதத்தில் சரியாகத்தான் இருக்கிறது. காகிதம் முகாம் வாசலுக்குப் போனதும் என்ன நடக்கிறது என்பதுதான் என் கதை.

என்னிடம் வருகிறவர்கள் யார் என்று நீங்கள் யோசிக்கலாம். தமிழ் பேசும் பெண்களுக்கும் படைக்கும் என்ன தொடர்பு என்று என்னிடமே பலர் கேட்டிருக்கிறார்கள். கொம்பனித்தெருவிலும் கொலன்னாவையிலும் தலைமுறை தலைமுறையாகப் படையில் இருக்கும் மலாய், முஸ்லிம் குடும்பங்கள் உண்டு. வத்தளை, கொட்டாஞ்சேனைப் பக்கம் கலப்புத் திருமணங்கள் உண்டு. கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் வேலைக்கு வந்து, சீருடைக்காரர் ஒருவரைக் காதலித்து, பிள்ளை பிறந்த பிறகு தனியாக நிற்கும் மலையகப் பெண்பிள்ளைகள் உண்டு. வடக்கிலிருந்து வந்து வெள்ளவத்தையில் வாடகைக்கு இருப்பவர்களும் உண்டு. அவர்களில் சிலருக்கு முகாம் வாசலில் போய் நின்று அடையாள அட்டையை நீட்டுவதே பெரிய காரியம். காரணத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வழக்கமாக நடப்பது இது. நீதிமன்றம் ஒரு தொகையை விதிக்கிறது. தகப்பன் இரண்டு மூன்று மாதம் கட்டுகிறார். பிறகு வேறு மாவட்டத்துக்கு மாற்றல் வருகிறது, கட்டுவது நிற்கிறது. தாய் மறுபடியும் நீதிமன்றம் போய்ப் பிடியாணை வாங்குகிறாள். பிடியாணை அவருடைய சொந்த ஊர்ப் பொலிஸுக்குப் போகிறது. பொலிஸ் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, ஆள் வீட்டில் இல்லை என்று எழுதி அனுப்புகிறது. வீட்டில் எப்படி இருப்பார்? அவர் இருப்பது முகாமில். முகாமுக்குப் பதிவுத் தபாலில் எழுதினால், மாற்றலாகிவிட்டார் என்று கடிதம் திரும்பி வருகிறது. எங்கே மாற்றலாகினார் என்று கேட்டால் அது பாதுகாப்பு சம்பந்தமான தகவல், சொல்ல முடியாது என்கிறார்கள். சரி, அதையும் ஏற்றுக்கொள்வோம். சொல்ல வேண்டாம். ஆனால் சொல்ல முடியாதவர்களே அந்தக் கடிதத்தை அவர் இருக்கும் இடத்துக்கு அனுப்பிவைக்கலாமே?

இந்த நாட்டில் ஒரு மனிதர் இன்று எங்கே படுத்துத் தூங்குகிறார் என்பதை உறுதியாகச் சொல்லக்கூடிய தொழில்வழங்குநர் நீங்கள்தான். அவருடைய சம்பளம், கடன், விவாகம், பிள்ளைகளின் பெயர்கள் எல்லாம் உங்கள் பதிவேட்டில் இருக்கின்றன. அவர் பணியில் இறந்துபோனால் அந்தப் பதிவேட்டை வைத்துத்தான் குடும்பத்தைத் தேடிப் போகிறீர்கள், கொடுக்க வேண்டியதைக் கொடுக்கிறீர்கள். அவர் உயிரோடு நல்ல சுகத்தோடு இருக்கும்போது அதே கோப்பில் அதே பிள்ளையின் பெயரைக் கண்டுபிடிப்பதில் என்ன கஷ்டம் என்று எனக்கு விளங்கவில்லை.

ஒரு சின்ன விஷயம், ஆனால் பலரை மாதக்கணக்கில் அலைய வைக்கும் விஷயம்: படை இலக்கம். அது இல்லாமல் எந்தக் கந்தோரும் பேசாது. விவாகம் முடித்தவளுக்கு அது சில வேளை தெரியும். முடிக்காதவளுக்குத் தெரியவே தெரியாது. தேசிய அடையாள அட்டை இலக்கத்தை வைத்துத் தேடினால் ஆள் அகப்பட மாட்டாரா? நீதிமன்றக் கட்டளையில் அடையாள அட்டை இலக்கம் இருந்தால் போதும் என்று ஒரு சுற்றறிக்கை போடுங்கள். இதற்குப் பாராளுமன்றம் கூட வேண்டியதில்லை.

அடுத்தது சம்பளப் பட்டியல். தகப்பன் நீதிமன்றத்தில் சம்பளப் பட்டியலை நீட்டுவார். வீட்டுக் கடன், பண்டிகை முற்பணம், நலன்புரிச் சங்கம், மோட்டார் சைக்கிள் தவணை எல்லாம் போய்க் கடைசி வரியில் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தைப் பார்த்து நீதவானும் மனமிரங்கித் தொகையைக் குறைப்பார். கடன்களில் பாதி, வழக்குப் போட்ட பிறகு எடுத்தவையாக இருக்கும்! பிள்ளையின் பங்கு வரிசையில் கடைசியாக நிற்பதால்தான் இந்த விளையாட்டு நடக்கிறது. தாபரிப்புக் கட்டளை ஒன்று கோப்பில் இருக்குமானால், புதிய கடனுக்குச் சிபாரிசு செய்யும் முன் சம்பளப் பிரிவு அந்தத் தொகையை முதலில் ஒதுக்கி வைக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் காத்திருக்கலாம்.

கடைசி வரியில் வராத காசும் இருக்கிறது. லெபனானுக்கோ தென் சூடானுக்கோ ஐ.நா. அமைதிகாக்கும் பணிக்குப் போகிறவர்களுக்குத் தனியான கொடுப்பனவு கிடைக்கிறது. ஒரு வீரருக்கு மாதம் 1,400 டொலருக்கு மேல் ஐ.நா. நாட்டுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. அது முழுவதும் அவர் கைக்குப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் போகும் பங்கு, உள்ளூர்ச் சிப்பாய் ஒருவரின் மாதச் சம்பளத்தோடு பார்க்கும்போது சின்னத் தொகை அல்ல. அந்தப் பட்டியலில் பெயர் வந்தால் குடும்பமே கொண்டாடும். விட்டுவிட்டு வந்த பிள்ளைக்கு மட்டும் செய்தி போகாது. பணிக்கு அனுப்ப ஆட்களைத் தெரிவு செய்யும்போது ஒழுக்கக் கோப்பைப் பார்க்கிறீர்கள். தாபரிப்பு நிலுவையையும் அதே மேசையில் பாருங்கள். நிலுவை இருந்தால் முதலில் கட்டச் சொல்லுங்கள். ஒரு பிள்ளையின் நிலுவை இவ்வளவு வேகமாகத் தீரும் வழி வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

ஹெய்ட்டியையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். அங்கே பணியில் இருந்த நம் படையினர் நூற்றுக்கு மேற்பட்டோர் பாலியல் சுரண்டல் குற்றச்சாட்டுகளால் 2007இல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவமானமான விஷயம். ஆனால் பிற்பாடு, அங்கே பிறந்த ஒரு பிள்ளைக்காக இலங்கை அரசாங்கம் ஒரு தொகை கொடுத்தது, ஐ.நா.வும் அதைப் பாராட்டியது. சீருடையில் இருந்தவரின் பிள்ளைக்கு நாடும் பொறுப்பு என்று அப்போது ஒப்புக்கொண்டீர்கள். கடல் கடந்த பிள்ளைக்குப் பொருந்திய நியாயம் மட்டக்குளியில் இருக்கும் பிள்ளைக்கும் பொருந்தும். இங்கே அரசாங்கப் பணம்கூடக் கேட்கவில்லை, தகப்பனுடைய சம்பளத்தைத்தான் கேட்கிறோம்.

விலைவாசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. அதற்கு முன்னர் விதிக்கப்பட்ட கட்டளைகள் பலவற்றில் தொகை இன்னும் அப்படியே கிடக்கிறது. கூட்டிக் கேட்கலாம், சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் அதற்கு மறுபடி விண்ணப்பம், மறுபடி அழைப்பாணை, மறுபடி ஆளைத் தேடுதல். 2025 வரவு செலவுத் திட்டத்தில் அரசாங்க ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவுக்குக் கட்டம் கட்டமாக உயரும் என்று அறிவித்தார்கள். நல்லது. சம்பளம் திருத்தப்படும்போது, கட்டளை பிறப்பித்த நீதிமன்றத்துக்குச் சம்பளப் பிரிவு ஒரு கடிதம் போட்டால் நீதவானே பார்த்துக்கொள்வார். தாய் போய் மோப்பம் பிடிக்க வேண்டியதில்லை.

இனி, இந்த மடலை இப்போது எழுதியதற்கான காரணத்துக்கு வருகிறேன். இராணுவத்தின் ஆட்தொகையை 2030க்குள் ஒரு இலட்சமாகக் குறைக்கப் போவதாக 2023 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. அதை ஒரு பக்கம் வையுங்கள். மறுபக்கம், யுத்தத்தின் கடைசி வருடங்களான 2006 முதல் 2009 வரை பெருந்தொகையாகச் சேர்க்கப்பட்டவர்கள், ஓய்வூதியத்துக்கு வேண்டிய 22 வருட சேவையை 2028க்கும் 2031க்கும் இடையில் முடிக்கிறார்கள். இரண்டும் ஒரே காலத்தில் வந்து விழுகின்றன. அடுத்த சில வருடங்களில் ஆயிரக்கணக்கானோர் சீருடையைக் கழற்றுவார்கள். சேவையில் இருக்கும்போது சம்பளத்தில் வெட்டாத காசை, வெளியே போன பிறகு எங்கே போய்ப் பிடிப்பது? சிலர் வெளிநாடு போவார்கள், சிலர் தனியார் பாதுகாப்புக் கம்பனிகளில் சேர்வார்கள், சிலர் ஊருக்குப் போய் வயல் செய்வார்கள். பணிக்கொடையும் கடைசிக் கொடுப்பனவும் கையில் கொடுக்கப்படும் அந்த நாள்தான், ஆளும் காசும் உங்கள் முன்னால் ஒன்றாக நிற்கும் கடைசி நாள். விலகல் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன், தாபரிப்புக் கட்டளை உண்டா, நிலுவை எவ்வளவு என்று ஒரு வரி இருக்கட்டும். நூலகப் புத்தகம் திருப்பிக் கொடுத்தாரா என்று பார்க்காமல் பள்ளிக்கூடம்கூட விடுகைப் பத்திரம் கொடுப்பதில்லை.

தப்பியோடியவர்களின் கதை இன்னும் மோசம். லீவில் போய்த் திரும்பி வராதவருக்குச் சம்பளம் நிற்கும். சம்பளம் நின்றால் வெட்டுவதற்கும் ஒன்றுமில்லை. அவரும் பிடிபடுவோம் என்ற பயத்தில் பதிவுகளே இல்லாத வேலைகளைத் தேடிப் போவார், பெயரைக் கொடுக்க மாட்டார், வங்கிக்குப் போக மாட்டார். பிறகு ஒரு பொது மன்னிப்புக் காலம் வரும். 2024 ஏப்ரல் 20 முதல் மே 20 வரை வந்தது போல. சட்டப்படி விலகிக்கொண்டு நிம்மதியாகப் போகலாம். மன்னிப்புக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பதுங்கித் திரியும் மனிதரால் பிள்ளைக்கும் பயன் இல்லை. ஆனால் படைக்குச் செய்த குற்றத்தைத்தான் படை மன்னிக்கலாம். பிள்ளைக்கு இருக்கும் கடனை மன்னிக்க உங்களுக்கு உரித்து இல்லை. அடுத்த முறை மன்னிப்புக் காலம் அறிவித்தால், வந்து நிற்கிறவரின் இப்போதைய முகவரியையும் தொழிலையும் எழுதி எடுத்து, கட்டளை இருந்தால் உரிய நீதிமன்றத்துக்கு அனுப்புங்கள்.

உங்கள் பக்கத்திலிருந்து என்ன சொல்வீர்கள் என்பது ஓரளவு தெரியும். குடும்ப விஷயம், படை தலையிட முடியாது என்பீர்கள். தலையிட வேண்டாம். யார் பிழை, யார் விட்டுவிட்டுப் போனது என்பதையெல்லாம் நீதவான் பார்த்து முடித்துவிட்டார். உங்களிடம் வருவது அவருடைய கட்டளை, அதற்குப் பிறகு விசாரிக்க ஒன்றும் இல்லை. இன்னொன்றும் கேட்டிருக்கிறேன்: நாட்டுக்காகப் போராடியவரை ஒரு பெண்ணின் பேச்சைக் கேட்டு அலைக்கழிக்கலாமா என்று. அந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தகப்பனின் படம் சீருடையில்தான் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அவர்களும் படைக் குடும்பம்தான்.

சிப்பாயின் பக்கமும் நியாயம் இருக்கிறது. சம்பளம் பெரிதல்ல. இரண்டாவது குடும்பம் இருக்கும், வயதான தாய் தகப்பன் இருப்பார்கள். எவ்வளவு வெட்டலாம் என்பதற்கு ஒரு வரம்பு வேண்டும், அதை நீதவான் தீர்மானிக்கட்டும். உண்மையில் சம்பளத்தில் வெட்டுவதுதான் அவருக்கும் நல்லது. இப்போது என்ன நடக்கிறது? நிலுவை ஏறி ஏறி, தமிழ் சிங்களப் புத்தாண்டு லீவில் ஊருக்கு வரும்போது பிடியாணையில் பிடிபடுகிறார். மறியலுக்குப் போனால் சம்பளமும் போகும், சேவைக் கோப்பில் கறுப்புப் புள்ளியும் விழும், பிள்ளைக்கும் ஒரு சதம் கிடைக்காது. படைக்கு ஒரு ஆள் குறைவு. யாருக்கு இலாபம்?

வேறு நாட்டுப் படைகளில் இது புதுமை இல்லை. இந்தியாவின் 1950ஆம் ஆண்டு இராணுவச் சட்டத்திலேயே, மனைவி பிள்ளைகளின் தாபரிப்புக்காகச் சம்பளத்தில் வெட்டலாம் என்று இருக்கிறது. விவாகத்துக்கு வெளியே பிறந்த பிள்ளையையும் அதே வரியில் சேர்த்திருக்கிறார்கள். பிரித்தானியாவின் 1955ஆம் ஆண்டு இராணுவச் சட்டத்திலும் அது இருந்தது, 2006இல் வந்த புதிய சட்டத்திலும் இருக்கிறது. அமெரிக்காவில் 1975இலிருந்து படையினரின் சம்பளத்தையும் பிள்ளைத் தாபரிப்புக்காகப் பிடிக்கலாம். முப்படைகளுக்கும் சம்பளம் போடும் அலுவலகத்துக்கே கட்டளை நேராகப் போகிறது, ஆள் உலகத்தின் எந்த மூலையில் நின்றாலும் வெட்டு நிற்பதில்லை. நீதிமன்றக் கட்டளை இல்லாவிட்டாலும் குடும்பத்தைத் தாபரிக்க வேண்டும் என்று அந்நாட்டு இராணுவத்துக்கு ஒரு தனி ஒழுங்குவிதியே உண்டு. அந்த அளவுக்கு இப்போது கேட்கவில்லை. பெற்றோரிடமிருந்து தாபரிப்பை அறவிட்டுக் கொடுக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று சொல்லும் சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 27ஆம் உறுப்புரைக்கு நம் நாடு 1991இலேயே கட்டுப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன்.

கடைசியாக மொழி. வடக்கு கிழக்குக்கு வெளியே இருக்கும் ஒருவரும் அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளலாம் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. படைத் தலைமையகமும் அரச அலுவலகம்தான். கொட்டாஞ்சேனைத் தாய் ஒருத்தி தமிழில் எழுதிய கடிதம், மொழி விளங்கவில்லை என்ற காரணத்துக்காகக் கோப்பில் கிடக்கக்கூடாது. இப்படி எழுதுவது என் பிழைப்பில் மண் போடுவதுதான். பரவாயில்லை, காணி உறுதிகள் வந்துகொண்டுதான் இருக்கும்.

ஆகவே, ஒவ்வொரு படையும் தாபரிப்புக் கட்டளைகளைப் பொறுப்பேற்க ஒரு பிரிவையும் ஒரு பொறுப்பதிகாரியையும் நியமிக்க வேண்டும். நடைமுறையை மூன்று மொழிகளிலும் வெளியிட வேண்டும். அக்குரேகொட தலைமையக வளாகத்துக்குப் பஸ் ஏறி வந்து, வாசலில் நின்று ஆள் ஆளாய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலை இருக்கக்கூடாது. தபாலில் அனுப்பினால் பெற்றுக்கொண்டதாக ஒரு துண்டாவது வர வேண்டும். அந்தப் பிரிவின் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை எனக்கும் அனுப்பி வையுங்கள். பெரிய எழுத்தில் அச்சடித்து என் மேசைக்கு முன்னால் ஒட்டிவைக்கிறேன். புதுக்கடைக்கு வழக்குக்கு வருகிறவர்களுக்குப் பார்க்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
புதுக்கடையிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர்